படுவான்கரையில் உருளைக்கிழங்கு: ஊர் நிதி பற்றி என் யோசனை

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு விதை உருளைக்கிழங்கு வாங்கிக் கொடுப்போம் என்று பேச்சு நடக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் ஊர்க் காசை அதில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பயிருக்கு இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் 20 பாகை செல்சியஸுக்கு மேலே போகப் போக இலை செழிக்கும், கிழங்கு சரியாக விழாது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் குளிர் உண்டு. யாழ்ப்பாணத்தார் மார்கழி, தைக் குளிரையும் தண்ணீர் தேங்காத செம்மண்ணையும் நம்பி நடுகிறார்கள். எங்களுக்கோ அவைதான் வெள்ள மாதங்கள். கிழங்கு அழுகினால் போட்ட காசு அப்படியே போய்விடும்.

எங்கள் மணலுக்கு வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) இருக்கிறதே! 1971இல் பெரு நாட்டின் லீமாவில் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் வத்தாளையிலும் பெரிய வேலை செய்கிறது. செம்மஞ்சள் சதையுள்ள வத்தாளையை ஆப்பிரிக்காவில் பரப்பியதற்காக அதன் விஞ்ஞானிகள் மூவர் 2016இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கிழங்கில் 125 கிராம் போதும், ஒரு சின்னப்பிள்ளைக்கு அன்றைக்குத் தேவையான விற்றமின் ஏ கிடைத்துவிடும்.

ஊரில் வத்தாளை நடுகிறவர்களுக்கு எப்போதும் உள்ள தலையிடி கொடிதான். கோடையில் கொடி கருகிவிடும். மாரி பிறக்கும்போது நடுவதற்குக் கொடி தேடி வீடு வீடாக அலைய வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே பாடுதான். அங்கே அந்த மையம் சொல்லிக்கொடுத்த முறைக்கு ஒரு பேசினும் காய்ந்த மணலும் போதும். வண்டு துளைக்காத, காயம் படாத நடுத்தரக் கிழங்குகளாகப் பொறுக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் மணலில் அடுக்கி, மேலேயும் மணல் போட்டு வீட்டுக்குள் நிழலில் வைப்பார்கள். இடைக்கிடை கிளறிப் பார்த்து அழுகினதை எறிந்துவிடுவார்கள், முந்தி வந்த முளையைக் கிள்ளிவிடுவார்கள். மழைக்கு ஆறு, எட்டுக் கிழமைக்கு முன்பு கிணற்றடிப் பாத்தியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் மழை விழும் நேரம் வெட்டி நடக் கொடி தயார். எங்கள் கணக்கில் அது ஆவணி. மட்டக்களப்புக் கோடைக்கு என்றே செய்த முறை மாதிரி இருக்கிறது!

இதை ஊரில் ஒருவர் முறையாகப் படித்து வந்து மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். இந்திய அரசு வெளிநாட்டவருக்குப் பயிற்சி கொடுக்க 1964 முதல் நடத்தும் ஐடெக் (ITEC) திட்டத்தில் விவசாயப் பயிற்சிகளும் உண்டு. விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. லீமா மையத்தின் தெற்காசிய நிலையத்தை ஆக்ராவில் அமைக்க 2025இல் இந்திய அமைச்சரவை அனுமதி கொடுத்திருக்கிறது. இனிமேல் கிழங்குப் பயிற்சிக்கு லீமா வரை போகத் தேவைப்படாது என்று நம்புகிறேன். பிள்ளைகள் தயங்குவது ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்பவும் திணைக்களத்தின் பரிந்துரைக்கு அலையவும்தான். விண்ணப்பத்தை நாங்கள் தொலைபேசியிலேயே கூட இருந்து நிரப்பிக் கொடுக்கலாமே. ஊர் நிதியில் அவர்களுடைய பஸ் காசும் கடவுச்சீட்டுச் செலவும் கொடுத்தால் போதும்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்த பிள்ளைகள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் எழுதுங்கள். செம்மஞ்சள் வத்தாளைக் கொடி யார் வளவில் நிற்கிறது என்று அம்மாவிடம், மாமியிடம் கேட்டுச் சொல்லுங்கள். மாசி, பங்குனியில் கிழங்கு கிண்டும்போதே விதைக்குப் பொறுக்க வேண்டும், அதற்கு முன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்