பருவ இதழ்த் தொகுதிகளை வெளிக்கிடங்குக்கு மாற்றுதல்: எவற்றை அனுப்புவது?

வினா (கல்லூரி நூலகர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பணிபுரிகிறேன். பைண்டு செய்த பருவ இதழ்த் தொகுதிகள் எங்கள் முதல் தளம் முழுவதையும் நிறைத்திருக்கின்றன. அந்த இடத்தை மாணவர்கள் அமர்ந்து படிக்கும் கூடமாக்கிவிட்டு, தொகுதிகளைக் கப்பலூர்ப் பக்கம் வாடகைக்கு எடுக்கும் கிடங்கில் வைக்கலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் இடமின்றி வராந்தாவில் அமர்ந்து படிப்பதைப் பார்க்கும் நான், இந்த விருப்பத்தை எதிர்க்கவில்லை. எவற்றை அனுப்புவது என்பதில்தான் தெளிவு தேவைப்படுகிறது. ஐந்தாண்டுகளாக யாரும் கேட்காதவற்றை முதலில் அனுப்பலாம் என்று நூலகக் குழுவில் கூறுகின்றனர். அந்த அளவுகோலின்படி முதலில் வெளியேறுபவை ‘செந்தமிழ்’, ‘தமிழ்ப்பொழில்’ போன்ற பழைய தமிழ் இதழ்களாகவே இருக்கும். இது சரியா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற நூலகர்)

சரியன்று என்பது என் உறுதியான கருத்து. பைண்டு தொகுதிகளைப் பெரும்பாலான கல்லூரிகளில் இரவல் கொடுப்பதில்லை. ஆய்வாளர் தாமே அடுக்கிலிருந்து எடுத்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு, மேசைமீது வைத்துவிட்டுப் போகிறார். பதிவேட்டில் அதற்குச் சுவடே இராது. ஆகவே, பதிவு இல்லை என்பதால் பயன்பாடும் இல்லை என்று கொள்ள முடியாது.

இந்தத் தொகுதி அழிந்துபோனால் இதே பக்கங்களை வேறு எங்கே படிக்க முடியும் என்பதே ஒவ்வோர் இதழுக்கும் கேட்க வேண்டிய கேள்வி. ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யின் இதழ்கள் 1966 முதல் ஜேஸ்டோர் என்னும் இணைய இதழ்க் காப்பகத்தில் இருக்கின்றன, அச்சுப்படிகளும் பல நூலகங்களில் உள்ளன என்பதால் அதைத் தயங்காமல் அனுப்பலாம். ஆனால் இணையத்தில் கிடைப்பவை எல்லாம் நம் கையில் நிலைத்திருப்பவை அல்ல. மத்திய அரசே ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா செலுத்தும், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் முதற்கட்டத்தில் அரசு நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. உங்களுடையதைப் போன்ற கல்லூரிகளுக்கு இன்ஃபிலிப்நெட் மையம் மின்னிதழ்களை வழங்கும் என்-லிஸ்ட் திட்டம் இருக்கிறது. இரண்டுமே சந்தாவை நம்பியவை. சந்தா நின்ற பிறகும் பழைய ஆண்டுகளைப் படிக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த அச்சுத் தொகுதியையும் கழிவு செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். கிடங்குக்கு அனுப்புவதும் கழிவு செய்வதும் வேறு வேறு முடிவுகள் என்பதைக் குழுவின் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

‘செந்தமிழ்’ இதே ஊரில் பிறந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902-இல் தொடங்கிய இதழை, மதுரைக் கல்லூரி ஒன்று தன் கட்டடத்திலிருந்து முதலில் வெளியேற்றுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கு ஒரு தனி அறை ஒதுக்குங்கள்.

மறுமொழி 2 (ஆவணப் பாதுகாப்புப் பணியாளர்)

கிடங்கின் கூரை என்ன என்று முதலில் விசாரியுங்கள். தகரக் கூரை என்றால் வேண்டாம். சித்திரை வெயிலில் உள்ளே ஏறும் வெப்பம் பழைய தாளை மேலும் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பைண்டு துணியிலும் பசையிலும் பூஞ்சணம் பிடிக்கும். எனவே வெப்பத்தையும் ஈரத்தையும் ஆண்டு முழுவதும் அளந்து பதிவுசெய்யும் கருவியை, தொகுதிகள் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே வைத்துப் பாருங்கள். இரும்பு அடுக்குகள் சுவரை ஒட்டாமலும், கீழ்த்தட்டு தரையைத் தொடாமலும் இருக்க வேண்டும். கரையான் பெரும்பாலும் சுவர் வழியாகவும் தரை வழியாகவுமே ஏறுகிறது.

மறுமொழி 3 (தமிழ் ஆய்வு மாணவி, நாகமலை)

படிப்பவர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்காக 1986-இல் தொடங்கிய ஹார்வர்டு டெபாசிட்டரி போன்ற வெளிக்கிடங்குகளில் நூல்களைப் பொருள்வாரியாக அல்ல, அளவுவாரியாக அடுக்கிப் பார்கோடால் கண்டுபிடிக்கிறார்கள். இடம் மிச்சமாகும், ஆனால் அடுக்கின் முன் நின்று தேடும் வாய்ப்பு போய்விடும். அதன்பின் எங்களுக்குப் பட்டியல் ஒன்றே வழி. ‘ஒரு வரிசை’ என்று மொத்தமாகப் பதியாமல், எந்த ஆண்டு, எந்த இதழ் இருக்கிறது, எது விடுபட்டது என்று கோகா (Koha) நூலக மென்பொருளில் ஏற்றிய பிறகே வண்டியை வரவழையுங்கள். பழைய தமிழ் இதழ்களுக்கு ஆங்கில ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும். சுபகிருது என்று மட்டும் பதிந்தால் அது 1902-ஆ, 1962-ஆ என்று தொகுதியைத் திறக்காமல் தெரியாது.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கிடங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை ஒரு மழைக்காலம் தள்ளிவைக்கவும், அதுவரை ஈரப்பத அளவைப் பதிவுசெய்யவும் முதல்வரிடம் எழுத்தில் கேட்கிறேன். அதற்குள் அறிவியல் இதழ்களிலிருந்து பட்டியல் பணியைத் தொடங்குகிறோம். ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. கிடங்கிலுள்ள கட்டுரையை ஒருவர் கேட்டால், தொகுதியையே வரவழைப்பதா, ஸ்கேன் செய்து அனுப்புவதா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற நூலகர்)

ஒரு கட்டுரை மட்டும் வேண்டும் என்றால் ஸ்கேன் போதும். ஒருவர் ஒரே இதழின் பல ஆண்டுகளைப் புரட்ட வேண்டியிருந்தால் தொகுதிகளை வரவழைத்து, அவர் பணி முடியும் வரை நூலகத்திலேயே வைத்திருங்கள். வாரத்தில் எந்த நாட்களில் வண்டி போய்வரும் என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.