குண்டுவுக்கு எந்தத் தண்ணீர்?

குழு: கும்பகோணம் வீடு
செவ்வாய், மாலை 6.40

அம்மா: அண்ணி, கவிதா வளைகாப்புக்குக் கும்பகோணம் போக நாளை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. எங்கள் ஆமை குண்டுவை நாளை மாலை பெருங்குடியில் உங்கள் வீட்டில் கொண்டுவந்து விடட்டுமா? திங்கள் காலை எடுத்துக்கொள்கிறோம்.

சுமதி அத்தை: கொண்டு வா. நான் எங்கும் போகப்போவதில்லையே.

சுமதி அத்தை: யாழினி, தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? போர், லாரி, கேன், ஆர்ஓ எல்லாம் இருக்கிறது.

நான்: அத்தை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதே, குண்டுவின் ஓட்டிலும் அப்படிப் படியும். குண்டு நன்னீர் ஆமை, நீந்துகிற தண்ணீரையேதான் குடிக்கும். ஆர்ஓவில் உப்போடு கால்சியமும் போய்விடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஊற்றலாம், தினமும் வேண்டாம். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்ஓதான். லாரித் தண்ணீர் சரி. ஆனால் பிடித்தவுடன் ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும். அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடும். போன தீபாவளிக்கு அவசரத்தில் அப்படியே ஊற்றிவிட்டோம். இரண்டு நாள் அது கண்ணையே திறக்கவில்லை. இமை இரண்டும் ஊறின பட்டாணி மாதிரி வீங்கியிருந்தது.

சுமதி அத்தை: ஐயோ பாவம்.

பெரியப்பா: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இங்கே கொண்டுவந்து மகாமகக் குளத்தில் விட்டுவிடுங்கள். புண்ணியமாவது கிடைக்கும்.

நான்: வேண்டாம் பெரியப்பா, தயவுசெய்து. இது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. காதோரம் சிவப்புக் கோடு இருக்கிறதே, அந்த இனம். குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைக்கு இரையும் மிஞ்சாது, வெயில் காய இடமும் மிஞ்சாது.

செந்தில் சித்தப்பா: சிங்கப்பூரில் திறந்து வைத்தாலும் பலன் இல்லை. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன். லேசில் போகாது. மீன் கடையில் சொட்டு மருந்து விற்கிறார்கள், அதைத்தான் விடுகிறோம்.

செந்தில் சித்தப்பா: அத்தைக்கும் ஒரு புட்டி வாங்கிக் கொடு.

நான்: சரி சித்தப்பா.

பாட்டி: குரல் செய்தி 0:48

அம்மா: பாட்டி என்ன சொல்கிறார்கள்? பஸ்ஸில் இருக்கிறேன், கேட்கவில்லை.

பெரியப்பா: அந்தக் காலத்தில் நம் கிணற்றில் ஆமை கிடந்ததாம். அதுதான் தண்ணீரைச் சுத்தமாக வைக்குமாம். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோமாம். சுமதி ஏன் வரவில்லை என்றும் கேட்கிறார்கள்.

நான்: பாட்டி, ஆமை நன்றாக இருந்தாலும் அதன் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு நோய் வருகிறதென்று அமெரிக்காவில் 1975இலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். அத்தை, பழைய தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டாதீர்கள். கழிவறையில் கொட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சுமதி அத்தை: பத்திரிகையில் என் பேர் இருந்திருந்தால் வந்திருப்பேன்.

பெரியப்பா: அச்சகத்தில் விட்டுப்போனது. எத்தனை தடவை சொல்வது?

சுமதி அத்தை: காதுகுத்துக்கும் அச்சகம்தானா அண்ணா?

அம்மா: கவிதா, வளையல் எத்தனை டஜன் வாங்கட்டும்?

கவிதா அக்கா: 20 டஜன் சித்தி. பச்சையும் சிவப்பும். கண்ணாடிதான், பிளாஸ்டிக் வேண்டாம்.

கவிதா அக்கா: சுமதி அத்தை, முதல் வளையல் நீங்கள்தான் போட வேண்டும். நான் வேறு யாரையும் கேட்கவில்லை.

இரவு 8.15

சுமதி அத்தை: யாழினி, வாளிக்கு மூடி போட வேண்டுமா?

நான்: வேண்டாம் அத்தை. கொசு முட்டையிடாமல் மெல்லிய துணி மட்டும் கட்டுங்கள்.

சுமதி அத்தை: லாரி வந்தது. இரண்டு வாளி பிடித்து பால்கனியில் வைத்துவிட்டேன். மாமா வேட்டியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன்.

செந்தில் சித்தப்பா: எந்த வேட்டி? நான் வாங்கித் தந்ததா?

பெரியப்பா: அப்படியென்றால் நீ வரவில்லையா சுமதி?

சுமதி அத்தை: குண்டுவை யார் பார்ப்பது?

நான்: வளர்ந்த ஆமை நாலு நாள் இரை இல்லாமல் தாங்கும். ஆனால் யாராவது தண்ணீர் மாற்ற வேண்டும். உங்கள் எதிர் வீட்டு அக்காவிடம் கேட்கட்டுமா?

சுமதி அத்தை: அவள் பல்லிக்கே பயப்படுவாள். கேட்டுப் பார்.

அம்மா: அண்ணி, உங்களுக்கும் ஒரு டிக்கெட் பார்க்கட்டுமா?

சுமதி அத்தை: வண்டி எத்தனை மணிக்கு?