[கலைச்சொல்] "வரலாற்றுப் பிழை" என்ற ஒரே சொல் போதவில்லை: காலமலைவு, இடமலைவு

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

'வைக்கிங்ஸ்' தொடரின் மூன்றாம் சீசன் கடைசி எபிசோடுக்கு (2015) வரும் பார்வையாளர் கருத்துகளைத் தமிழில் தொகுக்கும்போது ஒரு சொல் இடிக்கிறது. தொடரின் நாயகனான வைக்கிங் தலைவன் ராக்னர் சவப்பெட்டிக்குள் படுத்தபடி பாரிஸ் நகருக்குள் கொண்டுபோகப்படுகிறான். உள்ளே போனதும் பெட்டியை உடைத்து எழுகிறான், கோட்டைக் கதவு திறக்கிறது. குறை சொல்பவர்கள் எல்லோரும் இதற்குப் போடும் பெயர் "வரலாற்றுப் பிழை". ஆனால் ஒவ்வொருவரும் சுட்டுவது வேறு வேறு குறை.

ஒருவர் ஆண்டுகளைச் சொல்கிறார். ராக்னரோடு அடையாளம் காணப்படும் தலைவன் 120 கப்பல்களோடு சேன் ஆற்றில் ஏறி வந்தது 845இல். பிராங்கு அரசர் வழுக்கைச் சார்லஸ் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பினார். கோட்டையைக் காப்பவராகக் காட்டப்படும் கவுண்ட் ஓடோ 845இல் பிறக்கவே இல்லை. அவர் பாரிஸைக் காத்தது 885–86 முற்றுகையில்.

இன்னொருவருக்கு ஆண்டு பொருட்டல்ல, ஆள்தான் பொருட்டு. சவப்பெட்டித் தந்திரம் ராக்னருடையது அல்ல என்கிறார். ஹாஸ்டைன் என்ற தலைவன் இத்தாலியின் லூனா நகரை ரோம் என்று நினைத்து, செத்தவன்போல் நடித்து உள்ளே புகுந்ததாக டூடோ என்ற பாதிரியார் 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய கதை அது.

மூன்றாமவர் இடத்தைச் சொல்கிறார்: தொடரில் ராக்னரின் ஊராக வரும் கட்டெகாட் ஓர் ஊர் அல்ல, டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் உள்ள கடல். நான்காவது வகையினர் தொடரில் கொம்பு வைத்த தலைக்கவசம் இல்லையே என்று குறைப்படுகிறார்கள். அங்கே தொடர் சரி, குறைதான் தவறு.

இத்தனைக்கும் ஒரே பெயர் வைத்தால், படிப்பவருக்கு எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்க முடியாது என்று தெரியாமல் போகும். ஒரு காலத்துக்கு உரியதை வேறு காலத்தில் காட்டும் பிழையான அனாக்ரோனிசம் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். கூடவே அதன் உறவுச் சொற்களும் ஒரே வேரில் அமைந்தால் நல்லது.

மடல் 2

> அனாக்ரோனிசம் என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

சொல் கையிலேயே இருக்கிறது ஐயா: காலவழு. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் காலமும் ஒன்று. இதைவிட முக்கியம், வழுவுக்கு அமைதியும் உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலம் மாறி வந்தாலும் ஏற்கலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாசலில் நிற்கும் நண்பனிடம் "இதோ வந்துட்டேன்" என்பது விரைவு பற்றிய காலவழுவமைதி. திரைக்கதை ஆசிரியர் தெரிந்தே செய்யும் மாற்றத்துக்கு இந்த "அமைதி" அப்படியே பொருந்தும். "காலமுரண்" என்று சிலர் எழுதுகிறார்கள். முரண் என்றால் ஒன்றோடொன்று மோதவேண்டும். ஓடோவும் ராக்னரும் கதைக்குள் எங்கேயும் முரண்படவில்லை.

மடல் 3

முந்தைய மடலில் அம்மா சொன்ன "அமைதி" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் "வழு" என்ற வேரில் குடும்பத்தைக் கட்ட முடியாது. கட்டெகாட்டுக்கு "இடவழு" என்று போட்டுப் பாருங்கள். இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. "நான் வந்தாய்" என்பதுதான் இடவழு. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவருக்கும் முதலில் அதுதான் தோன்றும். காலவழுவும் அப்படித்தான், "நேற்று வருவான்" என்பதன் பெயர் அது. உயிரோடு புழங்கும் இலக்கணச் சொல்லின் மேல் இன்னொரு பொருளை ஏற்றினால் இரண்டும் கெடும்.

நமக்கு வேண்டியது அணியிலக்கணத்தில் இருக்கிறது. தண்டியலங்காரம் செய்யுள் குற்றங்களைச் சொல்லும் இடத்தில் "மலைவு" என்று ஒரு வகை வைக்கிறது. மலைவு என்றால் மாறுபாடு. இடமலைவு, காலமலைவு, கலைமலைவு, உலகமலைவு, நியாயமலைவு, ஆகமமலைவு என்று ஆறு. பொதிகைக்கு உரிய சந்தனத்தை வேறு மலையில் வளர்த்தால் இடமலைவு. தாமரையை இரவில் மலரவைத்தால் காலமலைவு. புலவன் திறத்தால் குற்றம் நீங்கி அமையும் இடங்களுக்கும் அந்நூலில் வழி இருக்கிறது. எனவே வழுவமைதிக்கு நிகராக "மலைவமைதி" என்று சொல்லலாம்.

கவனியுங்கள்: இலக்கண வழு என்பது பேசுகிறவன் வாய் தவறுவது. மலைவு என்பது படைப்பவன் உலகத்தைத் தவறாகக் காட்டுவது. தொலைக்காட்சித் தொடருக்கு நாம் சொல்லவேண்டியது இரண்டாவதைத்தான்.

கட்டெகாட் சுத்தமான இடமலைவு. கடலின் பெயரை ஊருக்கு வைத்ததோடு நிற்கவில்லை. அந்த ஊரைச் செங்குத்தான மலைகளுக்கு நடுவே வைக்கிறார்கள். படம் பிடித்தது அயர்லாந்தின் விக்லோ மலைப்பகுதியில். உண்மையான கட்டெகாட்டின் டென்மார்க் கரை தாழ்ந்த நிலம். அந்த நாட்டின் மிக உயர்ந்த இடமே 171 மீட்டரைத் தாண்டாது. முதல் சீசனின் எட்டாம் எபிசோடில் வரும் ஸ்வீடனின் உப்சாலாவும் இப்படித்தான். கோயில் மலைமேல் நிற்கிறது. பழைய உப்சாலா சமவெளி. அங்கே கண்ணுக்குத் தெரியும் உயரம் என்றால் மனிதர் எழுப்பிய மூன்று பெரிய புதைமேடுகள்தான்.

மடல் 4

மலைவு நல்ல சொல். இரண்டு சிக்கல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, "மலைப்பு" என்ற வழக்குச் சொல் பக்கத்திலேயே இருக்கிறது. அவசரத்தில் "காலமலைப்பு" என்று எழுதுவார்கள், பிறகு அதுவே பரவும். சொல்லை அறிமுகப்படுத்தும்போதே ஓர் எடுத்துக்காட்டோடு அறிமுகப்படுத்தினால் இதைத் தடுக்கலாம். கொம்புக் கவசம் அதற்கு ஏற்றது. வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் என்று முழு உருவம் தெரியும் அளவுக்குக் கிடைத்தது நார்வேயின் யெர்முண்ட்பு என்ற இடத்தில், 1943இல். அதில் கொம்பு கிடையாது. டென்மார்க்கின் வெக்சோவில் கிடைத்த கொம்புக் கவசங்கள் வெண்கலக் காலத்தவை, கி.மு. 900 அளவில் செய்தவை. வைக்கிங் தலையில் கொம்பை ஊன்றியது 1876இல் பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகத்துக்குச் செய்த ஆடை அலங்காரம். 1,700 ஆண்டு முன்னால் இருந்ததும் 1,000 ஆண்டு பின்னால் வந்ததும் நடுவில் உள்ளவன் தலையில் ஏறுவதுதான் காலமலைவு. "கொம்பு எங்கே" என்று கேட்கும் பார்வையாளரின் கேள்வியில்தான் காலமலைவு இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஓடோவும் ராக்னரும் ஒரே முற்றுகையில் நிற்பது காலமலைவா? அந்தக் காட்சியில் உள்ள வாள், கேடயம், ஏணி எதுவும் காலம் தப்பியது அல்ல. ஆண்டுகள்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்குத் தனிச் சொல் வேண்டும். "காலச்சுருக்கம்" வேண்டாம் என்பேன். மூன்று வாரக் கடற்பயணத்தை இரண்டு நிமிடத்தில் காட்டுவதும் சுருக்கம்தான், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. "காலமயக்கம்" என்றால் பொதுவாசகர் தலைசுற்றலை நினைப்பார்.

காலமடிப்பு என்று வைக்கலாமா? வேட்டியை மடிக்கும்போது இரண்டு ஓரக் கரைகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். நடுத்துணி உள்ளே போய்விடும், ஆனால் அறுபடாது. இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையடித்தது 793. ரோலோவுக்கு நார்மண்டி நிலம் கிடைத்த உடன்படிக்கை 911. தொடரில் ராக்னரின் சகோதரனாக வரும் ரோலோ முதல் சீசனில் அந்த மடத்தில் கோடரியோடு நிற்கிறான், பின்னால் பிராங்கு இளவரசியை மணக்கிறான். மடிப்புக்குள் போனது 118 ஆண்டு. இந்தச் சொல்லை எப்போதும் இரண்டு ஆண்டுகளோடு சேர்த்தே எழுதவேண்டும் என்று விதி வைத்துவிடலாம்: "793–911 காலமடிப்பு". ஆண்டு போட முடியவில்லை என்றால் குறை சொல்பவருக்கே விஷயம் தெளிவாகவில்லை என்று பொருள்.

மடல் 5

துறை அறிவுக்கு மாறாகக் காட்டும் கலைமலைவைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தத் தொடருக்கு அதுதான் அதிகம் தேவைப்படும்.

எரியும் கப்பலில் தலைவனின் உடலைக் கடலில் விடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கிங் என்றாலே திரையில் இது வந்துவிடும். படகைத் தள்ளிவிட்டுக் கரையிலிருந்து தீ அம்பு எய்வார்கள். பார்வையாளரில் பாதிப்பேர் கண்கலங்கியதாக எழுதுவார்கள், மீதிப்பேர் வரலாற்றுப் பிழை என்பார்கள். காலம் தவறா? இல்லை, அந்தக் காலத்தில் உடலைக் கப்பலோடு எரித்தது உண்டு. இடம் தவறா? அதுவும் இல்லை. செய்முறைதான் தவறு.

அம்பின் நுனியில் எண்ணெய்த் துணி சுற்றினால் எடை கூடி எட்டும் தூரம் குறையும். வேகமாகப் பறந்தால் காற்றே தீயை அணைக்கும். தப்பிப் போய் விழுந்தாலும் கப்பல் பக்கப்பலகை இரண்டரை சென்டிமீட்டர் ஓக் மரம், வெளிப்புறம் நனைந்தது. அது பற்றினாலும் தீ மேல்நோக்கித்தான் போகும். திறந்தவெளியில் ஓர் உடல் சாம்பலாக 400 முதல் 600 கிலோ விறகு வேண்டும், அடியிலிருந்து காற்று ஏறவேண்டும், பல மணி நேரம் எரியவேண்டும். சுடுகாட்டில் விறகுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்குவது அதற்காகத்தான். படகின் அடித்தட்டில் அடுக்கிய விறகுக்குக் கீழிருந்து காற்று வராது. நீர்மட்டம் வரை பலகை எரிந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து தீயை அணைத்துவிடும். பாதி எரிந்த உடல் மிதக்கும். இறந்தவரை மதிக்கும் எந்தக் கூட்டமும் இதைச் செய்திருக்காது.

922இல் வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் எனப்பட்ட வைக்கிங் வணிகர்களின் தலைவன் ஒருவனின் ஈமச்சடங்கை அரபுப் பயணி இப்னு ஃபத்லான் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கப்பலைக் கரைக்கு இழுத்து மரச்சட்டத்தின் மேல் ஏற்றினார்கள். அடியில் விறகு அடுக்கினார்கள். நெருங்கிய உறவினன் கையில் கொள்ளியோடு பின்னோக்கி நடந்துவந்து தீ வைத்தான். பிறகு மற்றவர்களும் ஆளுக்கொரு கொள்ளிக்கட்டை போட்டார்கள். காற்றும் பலமாக அடித்ததால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சாம்பல். அந்த இடத்தில் மேடு எழுப்பிப் பெயர் எழுதிய மரத்தை நட்டார்கள். அடியில் விறகு, அடியில் காற்று, தரைமேல் கப்பல்: மூன்றும் சரியாக இருந்ததால் எரிந்தது. நார்வேயில் கிடைத்த ஓசெபர்க், கோக்ஸ்டாட் கப்பல்கள் எரிக்கப்படவே இல்லை, மண்ணுக்குள் புதைக்கப்பட்டவை. அதனால்தான் இன்றும் இருக்கின்றன.

"கலை" என்றால் ஓவியம், நடனம் என்று இன்று நினைப்பார்களே என்ற கேள்வி வரும். நம் குழுவின் பணியையே "கலைச்சொல்லாக்கம்" என்கிறோம். அதில் கலை என்பது துறை அறிவு. அதே பொருள்தான் இங்கும்.

மடல் 6

> செய்முறைதான் தவறு

இந்த ஒரு வரி போதும், கலைமலைவை ஏற்றுக்கொள்கிறேன். மீதியையும் முடித்துவிடுவோம்.

சவப்பெட்டித் தந்திரம்: ஒருவன் செய்ததாகச் சொல்லப்பட்டதை இன்னொருவன் மேல் ஏற்றுவது. "ஆள்மாறாட்டம்" சட்டச்சொல், தொடவேண்டாம். பழியை ஒருவர் மேல் ஏற்றுவது என்கிறோமே, அந்த வழக்கிலிருந்து "வினையேற்றம்" என்று வைக்கிறேன். எழுதும் முறை: "சவப்பெட்டிக் காட்சி, ஹாஸ்டைனிடமிருந்து ராக்னருக்கு வினையேற்றம்". யாரிடமிருந்து யாருக்கு என்ற இரண்டு பெயரும் கட்டாயம். ஒரே காட்சியில் வினையேற்றமும் காலமடிப்பும் சேர்ந்து வரலாம். இந்த எபிசோடில் சேர்ந்தே வருகின்றன, இரண்டையும் தனித்தனியே குறிக்கவேண்டும்.

இரண்டாம் சீசனில் வரும் இரத்தக் கழுகு தண்டனையை (முதுகைப் பிளந்து விலா எலும்புகளைச் சிறகுபோல் விரிப்பது) எதில் சேர்ப்பது என்று தனிமடலில் கேட்டிருந்தார்கள். எதிலும் சேர்க்கக்கூடாது. சாகா எனப்படும் பிற்கால வடநாட்டு உரைநடைக் கதைகளில் விரிவாக வருவதும் பழைய பாடலில் ஒரே ஒரு வரியாக வருவதும் உண்மையான தண்டனையா, அல்லது போர்க்களத்துப் பிணத்தைக் கழுகு கிழிப்பதைச் சொன்ன பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டதா என்று 1984இலிருந்து அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது. சான்றே ஐயத்தில் இருக்கும்போது மலைவு என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. "சான்றையம்" என்று குறித்துவிட்டு நகரலாம்.

மலைவமைதிக்கு நல்ல எடுத்துக்காட்டும் இத்தொடரிலேயே இருக்கிறது. வைக்கிங்குகள் தங்களுக்குள் பேசும்போது நமக்கு ஆங்கிலத்தில் கேட்கிறது. ஆங்கிலேயரைச் சந்திக்கும் இடங்களில் வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்சும் பழைய ஆங்கிலமும் கேட்கின்றன. யார் காதால் கேட்கிறோமோ அவர் மொழி நமக்குப் புரிகிறது. இதைப் பிழைப் பட்டியலில் போடுபவர்களுக்கு மலைவமைதி என்று பதில் எழுதலாம்.

மடல் 7

எழுத்துமுறை பற்றி மட்டும். காலமலைவு, இடமலைவு, கலைமலைவு, காலமடிப்பு நான்கிலும் ஒற்று மிகாது, சேர்த்தே எழுதவேண்டும். பிரித்து "கால மலைவு" என்று எழுதினால் தேடலில் மலை பற்றிய பக்கங்களும் கலந்து வரும். பெயரடையாக வேண்டும்போது "காலமலைவான காட்சி" என்பது போதும், "காலமலைவுத்தனமான" என்று நீட்டவேண்டாம். முற்றுகை எபிசோடின் தொகுப்பில் "வரலாற்றுப் பிழை" வரும் இடங்களை இதன்படி மாற்றத் தொடங்கலாம். ஓடோவின் வரியிலிருந்து தொடங்குங்கள்: "845–885 காலமடிப்பு".