மறு: ‘அன்பேலன்ஸ்டு லோடு’: சமச்சீரற்ற சுமையா, சமனிலாச் சுமையா?

> ‘சமச்சீரற்ற சுமை’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் பழகிய சொல்.

வணக்கம் ஐயா. நம் மின்னியல் கலைச்சொல் தொகுப்பில் ‘அன்பேலன்ஸ்டு லோடு’ (unbalanced load) பதிவுக்கான சொல்லையும் வரையறையையும் பற்றி எழுதுகிறேன்.

பழகிய சொல் என்பதுதான் இடைஞ்சல். மும்முனை ஊட்டத்தின் (த்ரீ-பேஸ் சப்ளை) மூன்று மின்னழுத்தங்களும் அளவில் ஒத்து, 120 பாகை இடைவெளியில் நின்றால் அதைத்தான் சமச்சீர் என்கிறோம். ஊட்டம் ஒழுங்காக இருக்க, சுமை மட்டும் கோணலாகலாம். ஹீட்டர்களில் அடிக்கடி நடப்பது அதுவே. ஊட்டத்துக்குச் ‘சமச்சீர்’, சுமைக்குச் ‘சமன்’ என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை: சமச் சுமை, சமனிலாச் சுமை.

> ‘நிகரிலாச் சுமை’ இன்னும் நல்ல தமிழ்.

நல்ல தமிழ்தான், பாராட்டுப் பத்திரம் போல ஒலிக்கிறது. ‘சமனிலி’ என்று சுருக்கலாம் என்றால், அதைக் கணக்குப் பாடம் ஏற்கெனவே (inequality என்பதற்கு) எடுத்துக்கொண்டது.

சொல்லைவிட எனக்கு உறுத்துவது வரையறை. தொகுப்பின் வரைவில் ‘மின்னோட்டங்கள் சமமாக இல்லாத சுமை’ என்றிருக்கிறது. ஊட்டம் சீர்கெட்டாலும் மின்னோட்டங்கள் வேறுபடுமே! அடுத்த வரியில், திறனுக்கு வழக்கமான மூன்றின் வர்க்கமூலச் சூத்திரத்தையே (√3 × மின்னழுத்தம் × மின்னோட்டம்) ‘சராசரி மின்னோட்டம் கொண்டு’ போடலாம் என்றும் இருக்கிறது. போட்டுப் பார்ப்போம்.

400 வோல்ட் ஊட்டம், டெல்டா இணைப்பு (இரண்டிரண்டு கம்பிகளுக்கு இடையே ஒரு காயில், முக்கோணமாக), 16 ஓம் ஹீட்டர் காயில் மூன்று. ஒவ்வொன்றும் 25 ஆம்பியர், 10 கிலோவாட், மொத்தம் 30. வெளிக்கம்பி ஒவ்வொன்றிலும் 43.3 ஆம்பியர். இப்போது ஒரு காயில் எரிந்துபோகிறது. மிஞ்சிய இரண்டும் முழு 400 வோல்ட்டில்தான் இருக்கின்றன, ஆகவே உண்மைத் திறன் 20 கிலோவாட். டாங் டெஸ்டரோ (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) ஒரு கம்பியில் 43.3, மற்ற இரண்டில் 25 காட்டும். 43.3 என்று கொண்டால் சூத்திரம் 30 என்கிறது. 25 என்று கொண்டால் 17.3, சராசரி 31.1 என்று கொண்டால் 21.5. மூன்றும் தப்பு. காயில் காயிலாகத் திறன் கண்டு கூட்ட வேண்டும். அல்லது இரண்டு வாட்மானி முறை. 43.3 ஓடும் கம்பியைப் பொதுவாக வைத்தால் ஒவ்வொரு மானியும் 10 காட்டும். மூன்று கம்பிச் சுற்றுக்கு இரண்டு மானி போதும் என்று பிரெஞ்சுப் பொறியாளர் புளொந்தேல் (Blondel) 1893-லேயே சொல்லிவிட்டார்.

என் முன்மொழிவு: ‘மூன்று கிளைகளின் மின்தடை சமமாக இல்லாத சுமை.’

---

> என் முன்மொழிவு: ‘மூன்று கிளைகளின் மின்தடை சமமாக இல்லாத சுமை.’

சமனிலாச் சுமைக்கு என் ஓட்டு, தம்பி. வரையறைக்கு இல்லை. ஒரு கிளையில் 16 ஓம் காயில், இன்னொன்றில் 16 ஓம் மின்தூண்டி, மூன்றாவதில் 16 ஓம் மின்தேக்கி வையுங்கள். ஓம் கணக்கில் மூன்றும் ஒன்றே. சுமை சமன் ஆகுமா? ஹீட்டரை மட்டும் மனதில் வைத்து எழுதினால் இப்படித்தான் ஓட்டை விழும். ‘மின்னெதிர்ப்பு (impedance) அளவிலோ கோணத்திலோ கிளைக்குக் கிளை வேறுபடும் சுமை’ என்று திருத்துங்கள்.

இன்னொன்று. நியூட்ரல் கம்பி இல்லாத ஸ்டார் இணைப்பையும் (மூன்று காயில்களும் ஒரு நடுப்புள்ளியில் சேர்வது) எடுத்துக்காட்டில் சேருங்கள். அதே 16 ஓம் காயில்கள் 10 கிலோவாட் தரும். ஒன்று போனால் மற்ற இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராகி 5 ஆகிவிடும். நியூட்ரல் இருந்தால் 6.67. அந்த நடுப்புள்ளி இடம்பெயர்வதற்கு ‘நடுப்புள்ளி நகர்வு’ என்று தனிப் பதிவு தேவைப்படும். அதைத் தனி இழையில் பேசலாம்.