‘ஸ்லட்ஜ் பல்கிங்’: உப்பலா, பருத்தலா, இறுகாமையா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் உள்ளகப் பயிற்சி முடித்த எம்.இ. மாணவர்களின் அறிக்கைகளைத் தமிழில் தொகுக்கிறோம். கசடு சரியாகப் படியாமல் போகும் கோளாறான ‘ஸ்லட்ஜ் பல்கிங்’ என்பதற்கு ஒருவர் ‘கசடு உப்பல்’ என்கிறார், இன்னொருவர் ‘கசடு பருத்தல்’, மூன்றாமவர் ‘கசடு மிதப்பு’. ஸ்லட்ஜுக்குக் கசடு என்பதில் சிக்கலில்லை. ‘மலக்கசடு மேலாண்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பல்கிங்குக்கு எதை வைத்துக்கொள்ளலாம்?

மடல் 2

> ஒருவர் ‘கசடு உப்பல்’ என்கிறார், இன்னொருவர் ‘கசடு பருத்தல்’, மூன்றாமவர் ‘கசடு மிதப்பு’

மூன்றுமே வேண்டாம் என்பேன். ஒவ்வொன்றும் பயிற்சி மாணவரை வேறொரு கோளாறின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

‘மிதப்பு’ முற்றிலும் வேறு நிகழ்வு. காற்றூட்டத் தொட்டியில் நீர் வெளியேறும் முனையில் மாதிரி எடுத்து, ஒரு லிட்டர் அளவு உருளையில் ஊற்றி 30 நிமிடம் அசையாமல் விடுகிறோம். கசடு நன்றாகப் படிந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கட்டியாக மேலே வந்தால் அதுதான் மிதப்பு. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகின்றன, அவை கசடைத் தூக்குகின்றன. கண்ணாடிக் குச்சியால் மெல்லக் கிளறினால் குமிழ் வெளியேறி, கசடு மறுபடி இறங்கிவிடும். நம்மூர் வெயிலில் இது சீக்கிரமே நடக்கும் என்பதால் உருளையை 30 நிமிடத்தோடு கவிழ்த்துவிடாதீர்கள். பல்கிங்கில் குமிழே கிடையாது. முதல் 30 நிமிடத்திலேயே கசடு இறங்க மறுக்கிறது. ‘உப்பல்’ என்றால் உள்ளே காற்று என்றுதான் காதில் விழும், ஆகவே அதுவும் மாணவரை இதே குழப்பத்தில் விடும்.

‘பருத்தல்’ இன்னொரு பக்கம் தவறு. கசடின் அளவே கூடிவிட்டது என்று பொருள்படுகிறது. கணக்கைப் பாருங்கள்: 30 நிமிடத்தில் படிந்த பருமன் 480 மி.லி.; அதே மாதிரியின் எம்எல்எஸ்எஸ் (தொட்டி நீரில் கலந்திருக்கும் கரையாத் திண்மம்) லிட்டருக்கு 2,400 மி.கி. எனில் எஸ்விஐ (ஒரு கிராம் கசடு படிந்து பிடிக்கும் இடம், மி.லி.யில்) 480 × 1000 ÷ 2400 = 200. இது பல்கிங், பொதுவாக 150ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதே 480 மி.லி., ஆனால் எம்எல்எஸ்எஸ் 4,800 எனில் எஸ்விஐ 100தான். அங்கே கசடு நல்ல கசடு, அளவுதான் மிஞ்சிவிட்டது. உபரியை வெளியேற்றினால் போதும். சந்தேகம் இருந்தால் தெளிந்த வெளியேறு நீரைச் சம பங்கு சேர்த்து மறுபடி படியவிடுங்கள். அளவு மிஞ்சிய கசடு விறுவிறுவென்று இறங்கும். பல்கிங் கசடு அப்போதும் முரண்டு பிடிக்கும்.

தீர்வும் வேறு வேறு. மிதப்புக்கு, கசடு படியும் தொட்டியான தெளிவாக்கியிலிருந்து காற்றூட்டத் தொட்டிக்குப் போகும் திரும்பு கசடின் ஓட்டத்தைக் கூட்டி, தெளிவாக்கியில் கசடு தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இழை நுண்ணுயிரிகளால் வரும் பல்கிங்குக்கு அவசர வைத்தியம் திரும்பு கசடில் குளோரின்: அமைப்பில் உள்ள ஒவ்வொரு 1,000 கிலோ திண்மத்துக்கும் நாளொன்றுக்கு 2 கிலோ அளவில் தொடங்கி, நுண்ணோக்கியில் இழைகளைப் பார்த்துக்கொண்டே கூட்டுவார்கள். மிதப்பைப் பல்கிங் என்று எழுதிவைத்துவிட்டுக் குளோரினைக் கொட்டினால் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாதான் சாகும்.

என் பரிந்துரை: பஞ்சாதல், பஞ்சுக்கசடு. எடை அதேதான், இடம் மட்டும் பல மடங்கு. உள்ளே இழைகளும் உண்டு.

மடல் 3

> உள்ளே இழைகளும் உண்டு

அங்கேதான் இடிக்கிறது, ஐயா. எல்லாப் பல்கிங்கிலும் இழை இருக்காது. சர்க்கரை, காகிதம் போன்ற ஆலைக் கழிவுநீரில் கரிமம் மிகுந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் குறைந்துவிடும். பிஓடி (கரிமத்தைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன்), நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:5:1 என்ற விகிதத்தில் இல்லாமல் பின்னிரண்டும் அதற்குக் கீழே போனால் பாக்டீரியா கூழ் போன்ற பசையைச் சுரந்து தள்ளும். தொட்டால் வழவழப்பு, நீரை விடவே விடாது. ஒரு துளி கசடோடு ஒரு துளி இந்தியன் இங்க் கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள்: நல்ல திரளுக்குள் (பாக்டீரியா சேர்ந்த கசடுத் துணுக்கு) மைத்துகள் ஊடுருவும்; கூழ்க் கசடில் உள்ளே போகாமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். இதற்குக் குளோரின் பயன்படாது. யூரியாவும் பாஸ்பேட்டும் சேர்க்க வேண்டும். ‘பஞ்சு’ என்று பெயர் வைத்தால் மாணவர் இழையைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

நிலையத்து ஆபரேட்டர்களின் வாயிலேயே சொல் இருக்கிறது: ‘கசடு இறுகல’. எஸ்விஐ அளப்பதும் அதைத்தான், ஒரு கிராம் கசடு எவ்வளவு இடத்துக்குள் இறுகுகிறது என்பதை. ஆகவே பொதுச்சொல் கசடு இறுகாமை. வகைகள் இழை இறுகாமை, கூழ் இறுகாமை.

எதிர்மறைச் சொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். செரியாமை, உறங்காமை எல்லாம் கோளாறின் பெயர்களாக நன்றாகத்தானே ஓடுகின்றன.

மடல் 4

‘பஞ்சாதலை’ நானே திரும்பப் பெறுகிறேன். இங்க் சோதனையை விளக்கும் இடத்தில் அது உதவாது.

எஸ்விஐக்குக் ‘கசடுப் பருமக் குறியெண்’ என்று வைக்கலாம். ‘இறுக்க எண்’ வேண்டாம். எண் கூடக் கூட இறுக்கம் குறைகிறது, அட்டவணையைப் படிப்பவர் தலைகீழாக எடுத்துக்கொள்வார். அறிக்கையில் குறியெண்ணை மட்டும் எழுதாமல் 30 நிமிடப் பருமனையும் எம்எல்எஸ்எஸையும் பக்கத்திலேயே தரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரியிலிருந்து வந்திருக்க வேண்டும். காலை மாதிரியின் பருமனை மாலை எம்எல்எஸ்எஸால் வகுத்த அறிக்கைகள் நிறைய வருகின்றன. உருளையைக் குலுக்கியும் ஊற்றக் கூடாது, திரள் உடைந்துவிடும்.

தொட்டியின் மேல் பழுப்பு நுரை படர்வதையும் சில மாணவர்கள் பல்கிங் பத்தியிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதற்கு ‘நுரைப்பு’ போதுமா, ‘ஆடை’ வேண்டுமா என்பதைத் தனித் தலைப்பில் பேசலாம்.