ஊஞ்சலும் பத்தாயமும் 840 சதுர அடியும்

மாயவரத்து மருமகள்:

மாயவரத்து வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறந்ததும் சாவியைக் கொடுக்க வேண்டும். நாங்கள் குடிபோவது மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடிக்கு, 840 சதுர அடி. இங்கே கூடமும் முற்றமும் சேர்ந்தாலே அதைவிடப் பெரிது.

பாத்திரத்தையும் துணியையும் கழித்துக்கட்ட எனக்குத் தெரியும். மிரட்டுவது நான்கு சாமான்கள்தான். முதலாவது கூடத்து ஊஞ்சல்: தேக்குப் பலகை, ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம். என் இரண்டு பெண்களுக்கும் கல்யாண ஊஞ்சல் இதில்தான் நடந்தது. அடுத்தது பத்தாயம். அதில் நெல் கொட்டி 30 வருடமாகிறது. ஆனாலும் அடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் இன்னும் நெல் வாசம் வருகிறது. அது உன் பிரமை என்கிறார் வீட்டுக்காரர். பிறகு மாமியாரின் கொலு பொம்மைகள், 140க்கு மேல். கடைசியாக ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்களும் கல்யாணப் பத்திரிகைகளும்.

அவர் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். "அப்பா உட்கார்ந்த ஊஞ்சல் அண்ணி, விற்றுவிடாதீர்கள்" என்று மூவரும் வாட்ஸ்அப்பில் உருகுகிறார்கள். சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். பெரிய கொழுந்தனார் வீட்டில் இடமில்லையாம் (மூன்று படுக்கையறை). நாத்தனார் அமெரிக்காவில். சின்னவரிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

மாத வாடகைக்குச் சாமான் வைத்துக்கொள்ளும் கிடங்குகள் சென்னையில் இருக்கின்றனவே, இப்போதைக்கு அங்கே போட்டுவிட்டு நிதானமாக முடிவெடுக்கலாமா?

வேளச்சேரிவாசி:

அம்மா, அந்த "நிதானமாக" என்ற வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. அப்பா போன பிறகு அவருடைய மேசையையும் அம்மாவின் வீணையையும் ஒரு கிடங்கில், தரைத்தளத்தில், வைத்தேன். வாடகை மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு போய்த் திறந்தால், பலா மரக் குடம் ஊறி, ஒட்டு விட்டு, தண்டிலிருந்து பிரிந்து கிடந்தது. அம்மாவிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

வைத்தே தீருவதென்றால் மாடியில் இடம் கேளுங்கள். இரண்டு வருட வாடகையைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை மூன்று உடன்பிறப்புகளுக்கும் பங்கு போட்டு அனுப்புங்கள். உருக்கம் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கும்பகோணம் தச்சர்:

அம்மா, முதல் காரியமாக, பத்தாயத்தில் யாரையும் ரம்பம் வைக்க விடாதீர்கள். நம் பக்கத்துப் பத்தாயம் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டங்களை அடுக்கியதுதான். மூடியை எடுத்துவிட்டு மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகத் தூக்கிவிடலாம். இரண்டு ஆள் போதும். தூக்குமுன் உட்புறமாகப் பென்சிலால் எண் போடுங்கள். சாக்கட்டி லாரியில் அழிந்துவிடும்.

ஊஞ்சல் விஷயம் வேறு. கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டிவிட்ட கொக்கி இல்லாத தளத்தில், துளை போட்டு மாட்டித் தருகிறேன் என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பலகையே 40 கிலோ வரும். அதன்மேல் ஆள் உட்கார்ந்து ஆடினால் எடையோடு இழுப்பும் சேருமே! இரும்புத் தாங்கியில் தொங்கவிடலாம், ஆனால் முன்னும் பின்னும் ஆட அந்த வீட்டில் இடமேது? தேக்கிலேயே ஒரு சட்டம் செய்து அதன்மேல் பலகையை உட்கார வையுங்கள், திண்ணை மாதிரி. பலகையில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். வளையங்களையும் கழற்ற வேண்டாம். நாளைக்கு யார் வீட்டிலாவது கொக்கி இருந்தால் மறுபடி ஆடும்.

காரைக்குடி வாசகர்:

விற்றுவிடுங்கள். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் இதே மாதிரி சாமான் தெருமுழுக்கக் கிடக்கிறது. ஒன்று மட்டும், மரத்துக்கும் பித்தளைக்கும்தான் விலை, உங்கள் மாமனாருக்கு இல்லை.

ஓய்வுபெற்ற நூலகர்:

அக்கா, பொம்மைகள் மண்ணா, காகிதக் கூழா? மண் என்றால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிப் பரணில் ஏற்றாதீர்கள். ஐப்பசி ஈரத்துக்கு வண்ணம் பையோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள். மூக்கும் விரல்களும்தான் முதலில் போகும் என்பதால் அங்கே இன்னொரு சுற்று.

கடிதங்களில் குண்டூசி இருந்தால் இன்றே உருவிவிடுங்கள். துரு காகிதத்தைத் தின்றுவிடும். பழைய பத்திரிகைகளைக் குப்பை என்று நினைக்காதீர்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பில் கல்யாண அழைப்பிதழ்களும் நாடக நோட்டீஸ்களும்கூட இருக்கின்றன. உங்களுடையதை வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மாயவரத்து மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. காரைக்குடிக்காரர் மேல் ஒரு நாள் முழுக்கக் கோபம் இருந்தது, இப்போது இல்லை.

கிடங்கு வாடகையைப் பங்கு போட்டு அனுப்பினேன். பெரிய கொழுந்தனார் மறுநாளே கூப்பிட்டு, ஊஞ்சலைத் தன் கூடத்தில் திண்ணையாகப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இடம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பொம்மைகளில் தசாவதாரத்தையும் செட்டியார் கடையையும் வைத்துக்கொண்டேன், மற்றதைப் பெண்கள் பிரித்துக்கொண்டார்கள்.

பத்தாயத்தை நேற்று இறக்கினோம். தச்சரையா சொன்னபடி பென்சிலோடு ஏறினால், ஒவ்வோர் அடுக்கின் உள்மூலையிலும் உளியால் எண் ஏற்கெனவே செதுக்கியிருக்கிறது. எல்லாம் தமிழ் எண்கள்: ௧, ௨, ௩... ஐந்தாவதை மட்டும் கரையான் தின்றிருந்தது. சின்னக் கதவுள்ள அடி அடுக்கு எங்களோடு சென்னைக்கு வருகிறது. மேலே பலகை போட்டுவிட்டால் செருப்பு வைக்க வசதி என்றார் வீட்டுக்காரர். நான் டேப்பை எடுத்து, கடிதப் பெட்டி அதற்குள் இரண்டு அங்குலம் மிச்சம் விட்டு உட்காருவதை அளந்து காட்டினேன்.