உதவி: கேலக்ஸிகளுக்கு இடையே உள்ள வாயு 1 கெல்வினைக்கூடத் தொடவில்லை

கடலூர்_எம்எஸ்சி:
ப்ராஜெக்டுக்காக, இந்த வாயு எப்படிக் குளிர்ந்து கேலக்ஸிகளாகிறது என்று கணக்கிடப் பைத்தானில் சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரிந்ததால் ஒளி எவ்வளவு நீண்டது என்ற அளவு, எண் பெரிதானால் காலம் பழையது) 150 வரை வாயுவும் அண்டப் பின்புலக் கதிர்வீச்சும் (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) ஒரே வெப்பநிலை. அதற்கப்புறம் பிரபஞ்சம் விரிய விரிய வாயு தானாகக் குளிர்கிறது. ரெட்ஷிஃப்ட் 3-ல் 0.3 கெல்வின் வருகிறது. லைமன்-ஆல்ஃபா காட்டை (தொலைதூர ஒளியில் இந்த வாயுவின் ஹைட்ரஜன் விட்டுச்செல்லும் உறிஞ்சல் கோடுகளின் கூட்டம்) வைத்து அளந்தவர்கள் 10,000 கெல்வின், அதற்கும் மேலே என்கிறார்கள். குட்டி கேலக்ஸிகள் வேறு கணக்கில்லாமல் முளைக்கின்றன. யூனிட் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் வைவா!

லாஸ்பேட்டை_வானம்:
தம்பி, நிரல் சரிதான், வாயுவைச் சூடாக்கத்தான் அதில் எதுவும் இல்லை. முதல் கேலக்ஸிகளின் புற ஊதா ஒளியைச் சேருங்கள். ஹைட்ரஜனை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஃபோட்டானில் மிஞ்சுவது எலக்ட்ரானின் வேகமாகி, மோதல்களில் வாயு முழுக்கப் பரவும். ரெட்ஷிஃப்ட் 8-ல் 20,000 கெல்வின் கொடுத்துப் பாருங்கள்.

கடலூர்_எம்எஸ்சி:
கொடுத்தேன் அண்ணா. ரெட்ஷிஃப்ட் 3-க்கு வருவதற்குள் 4,000-க்கு இறங்கிவிடுகிறது.

லாஸ்பேட்டை_வானம்:
ஒரே தடவை சூடாக்கிவிட்டு விட்டால் அப்படித்தான். அயனி அவ்வப்போது எலக்ட்ரானைப் பிடிக்கும், ஒளி பட்டு மறுபடி இழக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு ஏறும். இதைத் தொடர்ந்து சேர்க்க வேண்டும். அப்புறம் ஹீலியம். அதன் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சாதாரண நட்சத்திரங்களால் ஆகாது. ரெட்ஷிஃப்ட் 3-ஐ ஒட்டி குவாசர்கள்தான் (பெரிய கருந்துளை வாயுவை விழுங்கும்போது ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) அதைச் செய்கின்றன.

முத்தியால்பேட்டை_ரவுண்டானா:
குட்டி கேலக்ஸிகளை மறந்துவிட்டீர்களே. வாயு சூடானால் அழுத்தம் கூடும். சின்ன இருண்ட பொருள் ஒளிவட்டங்களின் (கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பொருளின் திரள்) ஈர்ப்பால் அதை உள்ளே இழுக்க முடியாது. ஆனால் எவ்வளவு சின்னதுவரை தடை என்பதற்கு ஜீன்ஸ் நிறையை (வாயுவின் அழுத்தத்தை ஈர்ப்பு வெல்லத் தேவையான குறைந்தபட்ச நிறை) அப்படியே போட்டுவிடாதீர்கள். சூடான வாயு விரிய நாளாகும் என்பதால் தடை மிகையாகிவிடும். அதுவரை வாயு கண்ட வெப்பநிலை முழுவதையும் கணக்கில் எடுக்கும் வடிகட்டு நிறை நல்லது. 2000-ல் நிக்கொலாய் க்னெடின் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பெரிய கேலக்ஸிகளை இந்தச் சூடு அசைக்காது. அங்கே அதிர்ச்சி அலை, கருந்துளை என்று வேறு கதை, வைவாவில் அதை இழுக்க வேண்டாம்.

கடலூர்_எம்எஸ்சி:
10,000-ஐத் தாண்டிவிட்டது! குட்டிகளும் குறைந்துவிட்டன. ஆனால் ரெட்ஷிஃப்ட் 8-க்கு முன்பே பிறந்தவை அப்படியே நிற்கின்றன. இதையும் சரிசெய்ய வேண்டுமா?

முத்தியால்பேட்டை_ரவுண்டானா:
வேண்டாம், நிற்கட்டும். பால்வீதியைச் சுற்றும் மிக மங்கலான குள்ள கேலக்ஸிகள் சிலவற்றை ஹபிள் பார்த்ததில், நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அந்தப் பழைய காலத்தவை. கைடு கேட்டால் அந்தப் படத்தையே காட்டுங்கள்.